சிதம்பரத்தில் காற்றை மட்டும் வாசித்தோம்

கடலூரில் இறங்கியதும் என்னை முதலில் வரவேற்றது என் முகம்தான். மஞ்சக்குப்பத்தில் மண்டப வாசலில் கட்டியிருந்த பேனரில் என் பழைய பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி, யாருடைய கோட்டு சூட்டையோ கழுத்துக்குக் கீழே ஒட்டி, 'மலேசிய இசைச் சக்கரவர்த்தி' என்று போட்டிருந்தார்கள். நான் தைப்பிங்கில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சனி, ஞாயிறுகளில் மலாய்க்காரர்களின் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசிக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் ஊரில் யாராவது என்னைச் சக்கரவர்த்தி என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று ஒதுங்கிப் போவேன். இங்கே ஒதுங்க வழியில்லை, பேனர் சாலையின் இரண்டு பக்கமும் இருந்தது.

'பன்னாட்டு அக்கார்டியன் கலைஞர்கள் மாநாடு' என்பது முழுப் பெயர். பயிலரங்கு, படகு சவாரி, குடும்பச் சந்திப்பு, நிறைவு விழா என்று மூன்று நாள் நிகழ்ச்சி. வெளிநாடு மொத்தமும் நான் ஒருவன்தான் என்பது உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. மற்றவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுக்களோடு திருவிழாத் திருவிழாவாகச் சுற்றியவர்கள். கொஞ்சம் பேர் மாதா கோயில் பாடற்குழுவில் வாசிப்பவர்கள். எல்லோருக்கும் தலைக்குச் சாயம் புதிதாகப் போட்டிருந்தது.

மாநாட்டை நடத்தியவர் எட்வின். மேடை அலங்காரம், ஒலி ஒளி, ட்ரோன் கேமரா எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். "பெட்டியைத் தூக்கிட்டு வராதீங்க சார், எல்லாம் இங்க இருக்குது" என்று போனில் சொல்லியிருந்தார். சொன்னபடியே சென்னையிலிருந்தும் சுற்றுப்பக்கத்து மாதா கோயில்களிலிருந்தும் அக்கார்டியன்களைத் திரட்டி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சட்டை முழுக்க வியர்வையோடு ஒரு நாற்காலியில்கூட உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் ஓடியதெல்லாம் கேமரா இருக்கிற பக்கம்தான்.

லாட்ஜில் எனக்கு அறைத்தோழராக வாய்த்தவர் கலியமூர்த்தி. குமராட்சிப் பக்கத்து ஆள், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். "பசியாறியாச்சா?" என்று எங்கள் ஊர் வழக்கத்தில் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. காலை டிபன் என்று விளக்கியதும், யாரும் தன்னிடம் இத்தனை அழகாகச் சாப்பாட்டை விசாரித்ததில்லை என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

முதல் நாள் பயிலரங்கு இடது கைக்கு. கோவாவிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரம்மா நடத்தினார். அக்கார்டியனில் வலது கைக்குப் பியானோ கட்டைகள், இடது கைக்கு பாஸ் பொத்தான்கள். துருத்தியை இழுத்துக்கொண்டே இடது கை பொத்தான்களையும் அமுக்க வேண்டும். டீச்சர் சொன்னதை ஒருவர் தமிழில் சொல்ல, எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இப்போது வாசியுங்கள் என்றார். ஒரு சத்தமும் இல்லை. மெல்லிசைக் குழுவில் இடது கை வெறுமனே துருத்தி இழுக்க மட்டும்தான் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. முப்பது பேரும் வலது கையை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவர்கள்.

கலியமூர்த்தி எழுந்து காரணம் சொன்னார். "பாஸ் கிடார்காரனுக்கு எடஞ்சலா இருக்குதுன்னு எங்க மொதலாளி பொத்தான் மேலயே பிளாஸ்டர் போட்டு ஒட்டிட்டாரும்மா. இருவத்தஞ்சு வருசம் அந்தப் பக்கம் என்னா இருக்குதுன்னே நான் பாக்கல." அறை முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சரி, வலது கையாலாவது ஏதாவது வாசியுங்கள் என்றார்.

அவர் ஒரு பழைய பாட்டை எடுத்தார். நான் பத்துப் பதினைந்து வகை ஆட்களோடு வாசித்திருக்கிறேன், என் காது சுலபத்தில் ஏமாறாது. முதல் இழுப்பிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது இங்கே வழக்கம். அவர் எடுத்தது ஐந்தரைக் கட்டை, முழுக்கக் கறுப்புக் கட்டைகளில் விரல் புரள வேண்டிய இடம். வாசல்படி இறங்குவதுபோல இறங்கி வந்தார். பிறகு திடீரென்று நிறுத்தினார். துருத்தியைப் பாதியில் பிடித்தபடி, தலையை லேசாக இடது பக்கம் திருப்பி, காலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். கொஞ்சம் கழித்து மறுபடி வாசித்தார். மறுபடி நிறுத்தினார்.

ஏன் நிறுத்துகிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். "பாடகர் பாடுறாரும்மா" என்றார் கலியமூர்த்தி. வாழ்நாள் முழுக்க இடையிசை மட்டும் வாசித்த மனிதர். பாட்டு நடக்கும்போது சும்மா நிற்பதும் அவர் வேலையில் சேர்த்திதான். அந்த அறையில் எல்லோருக்கும் அந்தப் பாட்டு தெரியும். அவர் நிறுத்திய இடங்களில் சிலர் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். மொத்த மாநாட்டில் நான் கேட்ட நல்ல சங்கீதம் அதுதான், அதையும் யாரும் படம் பிடிக்கவில்லை.

சாயங்காலம் சமூக நிகழ்ச்சி. வட்டமாக நாற்காலி போட்டு, பாட்டு நிற்கும்போது உட்காரும் விளையாட்டு. அக்கார்டியன்கள் அடுக்கி வைத்திருக்கும் ஹாலில், அக்கார்டியன் வாசிக்கிறவர்கள் சுற்றி ஓட, பாட்டு ஒரு செல்போனிலிருந்து வந்தது. நான் எட்வினிடம் கேட்டேன். பெட்டியில் வாசித்தால் நிறுத்தும் நேரம் சரியாக வராது என்றார். என்னத்தைச் சொல்ல. சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, நண்டு ரசம். எங்கள் ஊரில் இதே மீனைச் சோயாவிலும் இஞ்சியிலும் அவித்துச் சாகடிப்பார்கள். கலியமூர்த்தி இரண்டு துண்டு மீனை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் தானே சாப்பிட்டார். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்ற நினைப்பு முகத்தில் தெரிந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி அஞ்சலாட்சி, கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை, அவர் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லையாம். குழுவின் வாத்தியம் எல்லாம் முதலாளியுடையது. கச்சேரி முடிந்ததும் வேனில் ஏறி மேல்பட்டாம்பாக்கத்தில் முதலாளி வீட்டு அறைக்குப் போய்விடும். சொந்தமாகப் பெட்டி வாங்கும் நிலைமை அவருக்கு ஒருநாளும் வரவில்லை. கச்சேரியோ வெளியூர்களில் விடியவிடிய. பிள்ளைகளையும் மாட்டையும் விட்டுவிட்டு அந்த அம்மா எங்கே வருவது. ஒரே ஒருமுறை பக்கத்து ஊர்த் திருவிழாவில் கச்சேரி அமைந்தது, அன்றைக்கு மழை வந்து மேடை கலைந்துவிட்டது.

"என் மச்சான் ஒருத்தன் இருக்கான், அஞ்சலாட்சிக்குத் தம்பி. அவன் பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடியே கேப்பான், என்னா மாமா இன்னிக்கு எத்தினி பெட்டி தூக்குனீங்கன்னு. நான் அங்க மூட்ட தூக்கப் போறேன்னுதான் அவன் நெனப்பு. என் பொண்டாட்டியும் அவன்கிட்ட ஒண்ணும் சொன்னது இல்ல. சொல்றதுக்கு அதுக்கு என்னா தெரியும், கேட்டிருந்தாதான" என்றார் கலியமூர்த்தி. நிறைவு விழாவுக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று எட்வின் சொன்னதால்தான் அவர் இந்த மாநாட்டுக்கே வந்திருக்கிறார். மூன்றாம் நாள் அஞ்சலாட்சியும் மச்சானும் விழா நடக்கும் சிதம்பரத்துக்கு வருகிறார்கள்.

நான் நேராக எட்வினிடம் போனேன். கடைசி நாள் மேடையில் கலியமூர்த்திக்கு மட்டும் ஒரு நிமிடம் தனியாகக் கொடுங்கள் என்றேன். "பாத்துக்கலாம் சார், நீங்க சொல்லி இல்லைன்னு சொல்வேனா" என்றார். திரும்பி வந்து கலியமூர்த்தியிடம் நடந்துவிடும் என்று சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று வெளிநாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும். அவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டு, தான் தனியாக வாசிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் டீச்சர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நாக்கு நாக்காக இருக்கும் உலோக ரீடுகள் மெழுகால் ஒட்டப்பட்டிருக்கும். மெழுகு இளகினால் ரீடு நழுவும், சத்தம் கரகரக்கும், பிறகு ஊமையாகிவிடும். ஆகவே பெட்டியை வெயிலில் வைக்கவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார். சொல்லி முடித்த கையோடு எட்வினின் ஆட்கள் வந்து எல்லாப் பெட்டிகளையும் ஸ்பீக்கர் அடுக்குவதுபோல் மல்லாக்கப் போட்டுத் தகரக் கூரை வேய்ந்த லாரியில் ஏற்றினார்கள். அன்றைக்குப் பிச்சாவரத்தில் படகு சவாரி.

நாங்கள் போன பஸ் ஆலப்பாக்கம் தாண்டி நின்றுவிட்டது. கோளாறு டயரில் இல்லை, டீசலிலும் இல்லை என்று தெரிந்துகொள்ள டிரைவருக்கு ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் ஏதோ பெல்ட் அறுந்திருந்தது. ஓரமாக நின்று கரும்பு லாரிகள் கிளப்பிய தூசியை விழுங்கினோம். ஒரு டீக்கடைக்காரர் பேனர் பார்த்த நினைவில் என்னைப் பார்த்து, "மலேசியால டீ என்னா ரேட்டு சார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் கடை போர்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ரிப்பேர் செய்பவரைத் தேட, லாரி மட்டும் எங்களைத் தாண்டிப் பிச்சாவரத்துக்கு முன்கூட்டியே போய்விட்டது.

பிச்சாவரத்தில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி கொடுத்தார்கள். படகுக்கு இரண்டு பேர் வீதம் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், மேலே ட்ரோன் பறந்து படம் பிடிக்கும் என்று ஏற்பாடு. எங்கள் தைப்பிங் பக்கத்திலும் இதே சுரபுன்னைக் காடு, இதே சேறு, இதே வேர்கள். அங்கே காட்டுக்குள் போகிறவன் வாயை மூடிக்கொண்டு போவான். இங்கே எட்வின் கரையில் மைக்கில், "சிரிங்க, சிரிங்க, பெட்டிய நல்லா விரிங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து பத்துப் பெட்டிகள் மட்டும் இறக்கினார்கள். அவற்றை மாறி மாறி மாட்டிக்கொண்டோம். மற்றவை லாரியிலேயே இருந்தன. லாரி நின்ற இடத்தில் மரம் எதுவும் இல்லை.

சவாரி முடிந்து, சாப்பிட்டு, டீச்சர் லாரிப் பக்கம் தற்செயலாகப் போனபோதுதான் தெரிந்தது. பெட்டிகளைத் தொட முடியவில்லை. அந்த அம்மா ஒரு பெட்டியை எடுத்து இழுத்தார். சளிப் பிடித்த தொண்டைபோல ஒரு சத்தம் வந்தது. இன்னொன்றில் அதுவும் வரவில்லை. லாரிக்காரரிடம் கோபமாக ஏதோ சொன்னார், அது கொங்கணியா போர்ச்சுகீசா எனக்குத் தெரியவில்லை. லாரிக்காரர், வெயிலுக்கு வாத்தியம் வாடும் என்று யாரும் சொல்லவில்லையே என்றார். அவர் பேரில் தப்பில்லை. கலியமூர்த்திக்கு ஒதுக்கியிருந்த பெட்டி படகில் வந்த பத்தில் ஒன்று. நானே கட்டை கட்டையாக அமுக்கிச் சரிபார்த்தேன். ஒரு ரீடுகூட நழுவவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும். கத்தரிக்காயை இத்தனை கௌரவமாக நடத்தும் ஊரை நான் பார்த்ததில்லை. இரண்டாவது ஈடு இட்லி வந்தபோது கலியமூர்த்தி சாப்பிடாமல் மேஜை விளிம்பில் வலது கை விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார். தனியாக வாசிப்பதால் இந்தமுறை பாடகருக்காக நிறுத்துவதில்லை, பாடகர் பாடும் வரிகளையும் தானே வாசிக்கப் போவதாகச் சொன்னார். அந்த வரிகளை அவர் வாழ்க்கையில் வாசித்ததே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் விரல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒத்திகைக்கு மண்டபத்துக்குப் போனோம். எட்வின் மைக்கைப் பிடித்தார். வெயிலால் பெட்டிகள் கெட்டுவிட்டன, சிறப்பு விருந்தினர் வரும்போது அசிங்கமாகிவிடக் கூடாது, அதனால் மாற்று ஏற்பாடு என்று ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: "பாட்டு ட்ராக்ல ஓடும். நீங்க எல்லாரும் காத்துப் பொத்தான அமுக்கிக்கினு துருத்திய இழுங்க. விரல் நல்லா ஆடணும், மூஞ்சி சிரிச்சிக்கினு இருக்கணும். சத்தம் மட்டும் வரக் கூடாது."

அக்கார்டியனில் இடது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு தனிப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் காற்று ரீடுகளைத் தொடாமல் உள்ளே வந்து வெளியே போய்விடும். வாசித்து முடித்தபின் துருத்தியைச் சத்தமில்லாமல் மூடுவதற்காக வைத்தது. அதை அமுக்கிக்கொண்டு ஒரு முழுப் பாட்டையும் வாசிக்கச் சொன்ன ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஆட்டோ பிடித்து ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் முகத்தில் நிம்மதி தெரிந்ததுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். தப்பு வராது, சுலபம் என்று பேசிக்கொண்டார்கள்.

எட்வினைத் தனியாகப் பிடித்தேன். கலியமூர்த்தியின் பெட்டி நன்றாக இருக்கிறது, அவருக்குச் சொன்ன ஒரு நிமிடம் கொடுங்கள் என்றேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், விருந்தினர் இருபது நிமிடம்தான் இருப்பார், அதில் பொன்னாடைக்கே நேரம் போதாது என்று அடுக்கினார். குரலை உயர்த்தினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது.

ஒலிக் கருவிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் போய் அந்த ட்ராக்கில் அக்கார்டியன் வாசித்தது யார் என்று கேட்டேன். நாற்பது வயதிருக்கும், நல்ல மாதிரியான மனிதர். "நாந்தான் சார். அக்கார்டியன் இல்ல, கீபோர்டுல அந்த டோன் இருக்குது. போன மாசமே எடுத்தாச்சு" என்றார், நான் பாராட்டப் போகிறேன் என்ற எதிர்பார்ப்போடு. போன மாதம் வெயில் எந்தப் பெட்டியையும் தொடவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் நான் தப்பாக வாசித்தால் மணமகனின் பெரியப்பா முகத்துக்கு நேரே சிரிப்பார். ஆனால் அது நான் வாசித்த தப்பு. வாத்தியக்காரர்களுக்குத்தான் அங்கே முதல் பந்தி. இங்கே வாத்தியக்காரர்கள் கூடியிருக்கும் மாநாட்டில் வாத்தியத்துக்கே இடமில்லை.

கலியமூர்த்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கதவோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த திசையில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு ஆளும், கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாவும் மினிபஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். மச்சான் சக்திவேல் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிறவர். வந்ததும் பேனரை அண்ணாந்து பார்த்து, "மாமா பேரு எங்கயும் காணமே" என்றார். அஞ்சலாட்சி எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, முன் வரிசையில் மூன்று நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்து இன்னும் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

மேடைக்குப் போகுமுன் கலியமூர்த்தியிடம் சொன்னேன்: பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள், வாசித்துவிடுங்கள், யார் என்ன செய்வார்கள் பார்க்கலாம். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"ட்ராக்க கவனிச்சீங்களாண்ணே? பாடுன பொண்ணுக்காக சுருதிய நவுத்தி வச்சிருக்கான். ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்குது. கீபோர்டுல பட்டன அமுக்குனா நவுரும், நம்ம பெட்டி நவுராது. நான் வாசிச்சா நாந்தான் தப்பா வாசிச்ச மாரி கேக்கும்" என்றார். வார்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அஞ்சலாட்சி மொத மொத கேக்குறது தப்பா இருக்கணுமா? என் மச்சான் சிரிக்கிறதுக்கு நானே வழி பண்ணிக் குடுக்கணுமா?" என்று கேட்டார். நானும் அந்த ட்ராக்கைக் கேட்டிருந்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நிஜப் பெட்டியை நிஜமாக வாசித்தால் அதுதான் பிசிறாகக் கேட்கும்.

விருந்தினர் வந்தார், பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. என்னை இரண்டு தடவை சக்கரவர்த்தி என்றார்கள். பிறகு திரை விலகி, வரிசையாக நாங்கள் நின்றோம், பாட்டு ஓடத் தொடங்கியது. கூட்டத்துக்குக் கேட்டது ஸ்பீக்கரில் வந்த சங்கீதம். மேடையில் எங்களுக்குக் கேட்டது வேறு. முப்பது துருத்திகள் ஒரே நேரத்தில் விரிந்து சுருங்கும் மூச்சுச் சத்தம், ஆஸ்பத்திரி வார்டில் கேட்பதுபோல. நானும் இளித்துக்கொண்டு இழுத்தேன். பக்கத்தில் கலியமூர்த்தியின் விரல்களைப் பார்த்தேன். மற்றவர்கள் கட்டைகளின் மேல் சும்மா அளைந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு சுரத்தையும் சரியான கட்டையில் சரியான நேரத்தில் அமுக்கினார். அந்தப் பெட்டியிலிருந்து காற்று மட்டும் வந்தது.

கைதட்டல் பலமாக இருந்தது. திரை மூடியதுமே எட்வினின் ஆட்கள் தோளிலிருந்து பெட்டிகளைக் கழற்றினார்கள். வாடகைப் பெட்டிகள் அன்றைக்கே சென்னைக்குப் போக வேண்டுமாம். ஐந்து நிமிடம் இந்த ஒரு பெட்டியை மட்டும் விடுங்கள், அறைக்குள் வைத்து அந்த அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டட்டும் என்று கெஞ்சினேன். வார் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. லாரிக் கதவு மூடும் சத்தம்தான் கேட்டது.

வெளியே சக்திவேல் ஓடி வந்து கலியமூர்த்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாமா, இத்தினி நாளா உங்கள தப்பா நெனச்சிட்டேன். நீங்க இவ்ளோ ஜாஸ்தி வித்த வச்சிருக்கறது எங்க யாருக்குமே தெரியாம போச்சு" என்றார். குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை. கலியமூர்த்தி கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை மச்சான் என்று மெதுவாகச் சொன்னார். இத்தனை வருடம் காத்திருந்த மரியாதை யாரோ ஒருவர் கீபோர்டில் வாசித்ததற்காக வந்து சேர்ந்தது. எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை.

இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று நால்வரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். சக்திவேல் பூவும் பிஸ்கட்டும் வாங்கப் போனார். அஞ்சலாட்சி பெஞ்சில் உட்கார்ந்ததும் தம்பியின் போனைக் கையில் எடுத்தார். சக்திவேல் பாட்டு முழுவதையும் படம் பிடித்திருந்தார். அந்த அம்மா படத்தைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கணவரைப் பார்த்து, "இத்தினி பேரு சேந்து வாசிக்கிறீங்களே, இதுல உங்க சத்தம் எது?" என்று கேட்டார்.

கலியமூர்த்தி பஸ் போர்டுகளைப் பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு போனை வாங்கி, படத்துக்குக் கீழே ஓடும் கோட்டை விரலால் முன்னும் பின்னும் நகர்த்தி, பாட்டு தாழ்ந்து போய் மறுபடி ஏறும் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இங்க. இது நாந்தான்" என்றார்.

அந்த அம்மா அந்த இடத்தை மட்டும் கேட்டார். மறுபடியும் கேட்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். சந்தேகத்தில் இல்லை, கூட ஒருவர் சொன்னால் நன்றாக இருக்குமே என்று. "அப்புடியாண்ணே?"

"ஆமாம்மா. அவர்தான்" என்றேன்.

குமராட்சி மினிபஸ் வந்தது. சக்திவேல் முண்டியடித்து ஏறி மாமாவுக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தார். அஞ்சலாட்சி கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னலுக்குக் கீழே நின்று கையை ஆட்டினேன். பஸ் கிளம்பித் தெருமுனையில் திரும்பும்வரை கலியமூர்த்தி ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை.